பூனைக் கதவு: என்ன கோளாறு, எங்கே பார்ப்பது

பூனை தானே தள்ளிக்கொண்டு போய்வர வீட்டுக் கதவில் வைக்கும் சின்னக் கதவுதான் பூனைக் கதவு. காசு கொடுத்து வாங்கி, ஆசாரியை வரவழைத்து ஓட்டை போட்டு, அதைப் பொருத்தியாகிவிட்டது. பூனையோ பழையபடி கதவோரம் உட்கார்ந்து கத்துகிறது. அல்லது மடல் பாதியில் நின்றுவிடுகிறது. அல்லது ராத்திரியில் தெருக் கடுவன் ஒன்று உள்ளே புகுந்து சாப்பாட்டுத் தட்டைக் காலி செய்துவிட்டுப் போகிறது. உடனே பலரும் வாங்கிய பொருள் மட்டம் என்று முடிவுகட்டி இன்னொன்றை வாங்கிவிடுகிறார்கள்.

அவசரப்பட வேண்டாம். பூனைக் கதவில் இருப்பது ஒரு சட்டம், அதில் ஆடும் ஒரு மடல், கதவின் தடிமனை மூடும் ஒரு குழல், கொஞ்சம் காந்தம், ஒரு பூட்டுக் குமிழ். கெட்டுப்போக அதில் அதிகம் கிடையாது. கோளாறு பெரும்பாலும் அது பொருத்தப்பட்ட உயரத்தில் இருக்கும், கதவுப் பலகையில் இருக்கும், இல்லையென்றால் அதற்கு அந்தப் பக்கத் தரையில் இருக்கும். ஆகவே அறிகுறி எதுவானாலும் முதலில் தரையில் படுத்து, பூனையின் கண் உயரத்திலிருந்து உள்பக்கமும் வெளிப்பக்கமும் பாருங்கள். நின்றபடி பார்த்தால் தெரியாத பல விஷயங்கள் அப்போது தெரியும்.

இன்னும் ஓட்டை போடவில்லை என்றால்

பின்னால் வரும் பாதிச் சிக்கல்களை இங்கேயே தவிர்த்துவிடலாம்.

தலைவாசலை விட்டுவிடுங்கள். வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள் என்பது ஒரு பக்கம். பூட்டுக்குக் கீழே ஓட்டை இருந்தால் வெளியே இருப்பவன் கையை விட்டுத் தாழ்ப்பாளை எட்டலாம் என்பது அதைவிடப் பெரிய காரணம். கொல்லைக் கதவு, பால்கனிக் கதவு, சமையலறைப் பக்கச் சன்னல் ஆகியவைதான் ஏற்ற இடங்கள். அங்கேயும் தாழ்ப்பாளிலிருந்து ஒரு கை நீளத்துக்கு மேல் தள்ளி இருக்க வேண்டும்.

அடுத்து, கதவு எந்த வகை என்று பாருங்கள். இரு பக்கமும் சமதளமாக இருக்கும், 30 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஃப்ளஷ் கதவு இருப்பதிலேயே சுலபம். பேனல் வைத்த மரக் கதவில் ஒரு சிக்கல் உண்டு. அதன் அடிச்சட்டம் 20, 25 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். அதை வெட்டினால் கதவின் பலமே போய்விடும். மேலே உள்ள பேனலில் வைத்தால் பூனைக்கு உயரம் அதிகமாகிவிடும். பேனலில் வைத்து இரண்டு பக்கமும் படி போடுவதுதான் சரியான வழி. பிவிசி கதவு உள்ளே வெற்றிடம். இதைப் பற்றிக் கீழே விரிவாக வருகிறது. பால்கனியின் சறுக்குக் கதவில் இருப்பது டஃபன் கண்ணாடி (கடினப்படுத்திய கண்ணாடி) என்றால் அதில் யாராலும் ஓட்டை போட முடியாது. துளைக்கருவி பட்டதும் முழுக் கண்ணாடியும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். ஒன்று, ஓட்டையோடு புதுக் கண்ணாடி ஆர்டர் கொடுக்க வேண்டும். ஓட்டையை முதலில் வெட்டி, அப்புறம்தான் டஃபன் செய்வார்கள். அல்லது அலுமினிய வேலை செய்பவரிடம் சொல்லி, சறுக்குக் கதவின் தண்டவாளத்திலேயே நிற்கும் ஒரு குறுகிய பட்டைப் பலகையைச் செய்து, அதில் பூனைக் கதவை வைக்கலாம். இரண்டாவது வழி வாடகை வீட்டுக்கும் பொருந்தும். காலி செய்யும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். சன்னலிலும் இதே போல ஒரு கண்ணாடியை எடுத்துவிட்டு 12 மில்லிமீட்டர் பிளைவுட் வைத்து அதில் பொருத்தலாம்.

மாடி வீடு என்றால், வலை கட்டாத பால்கனிக்குப் பூனைக் கதவு வைக்கவே வைக்காதீர்கள். பூனை எப்படி விழுந்தாலும் காலில் நிற்கும் என்ற நம்பிக்கையில் கை கால் தாடை உடைந்து மருத்துவரிடம் வரும் பூனைகள் ஏராளம்.

உயரத்துக்கு ஒரே கணக்கு. பூனை நிற்கும்போது தரையிலிருந்து அதன் வயிறு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அந்த இடத்தில் திறப்பின் அடி விளிம்பு வர வேண்டும். வளர்ந்த பூனைக்கு இது சுமார் 12 முதல் 15 சென்டிமீட்டர். குட்டிக்காக இறக்கி வைக்காதீர்கள்; குட்டி சில மாதங்களில் வளர்ந்துவிடும், அதுவரை ஒரு கட்டை போட்டால் போதும். அகலத்தைப் பொறுத்தவரை, பூனையின் தோலுக்கடியில் வைத்த சிப்பைப் படித்துத் திறக்கும் மின்னணுக் கதவுகள் பலவற்றில் திறப்பு சுமார் 14 சென்டிமீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். நம் ஊர் நாட்டுப் பூனைக்கு இது தாராளம். பெர்ஷியன், மெயின்கூன் வளர்ப்பவர்கள் சிறு நாய்க்கான அளவை வாங்குவது நல்லது.

வீட்டுக்குள் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகத்தான் என்றால் மடலே தேவையில்லை, வெறும் ஓட்டை போதும். இங்கிலாந்தில் எக்ஸிடர் பேராலயத்தில், வானியல் கடிகாரத்துக்குக் கீழே உள்ள பழைய மரக் கதவில் எலி பிடிக்கும் பூனைக்காக வெட்டிய வட்ட ஓட்டை இன்றும் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் போட்டது. மடல், காந்தம் எதுவும் இல்லை.

இன்னொன்று. வெளியே போகும் பூனைக்கு வெறிநோய்த் தடுப்பூசியும் கருத்தடையும் முடிந்த பிறகுதான் கதவைத் திறந்துவிட வேண்டும். இதில் பேரமே இல்லை.

அறிகுறி: பூனை கிட்டவே வரமாட்டேன் என்கிறது

பூனைக்குப் பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். அதன் பக்கத்திலிருந்து பார்த்தால் காரணம் புரியும். சுமார் 25 சென்டிமீட்டருக்குள் இருக்கும் பொருளைப் பூனையின் கண்ணால் தெளிவாகக் குவித்துப் பார்க்க முடியாது. மூக்குக்கு நேரே இருப்பதை அது மீசையால்தான் தெரிந்துகொள்கிறது. ஒளி ஊடுருவும் மடலுக்குப் பக்கத்தில் வந்ததும் அதற்குத் தெரிவதெல்லாம் மங்கலான வெளிச்சம், மீசையில் தட்டும் ஏதோ ஒன்று, புது பிளாஸ்டிக் வாடை. கூடவே காந்தம் ஒட்டும்போது 'டக்' என்ற சத்தம் வேறு. நமக்கு 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுபோகும் செவிப்புலன் பூனைக்கு 60 கிலோஹெர்ட்ஸையும் தாண்டிப் போகிறது. நமக்குச் சின்னதாகக் கேட்கும் சத்தம் அதற்குச் சின்னதல்ல.

வாடையிலிருந்து ஆரம்பியுங்கள். பூனை படுக்கும் துணியால் சட்டத்தையும் மடலையும் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். பிறகு மடலை மேலே தூக்கி டேப் போட்டு ஒட்டிவிட்டு, சில நாள் அப்படியே விடுங்கள். அது வெறும் ஓட்டையாக இருக்கட்டும். சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் வெளியே நின்று, வேகவைத்த மத்தியோ சூரையோ ஒரு துண்டைக் காட்டிக் கூப்பிட வேண்டும். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம்.

ஓட்டை வழியாகப் போய்வரப் பழகியதும் மடலைப் பாதி இறக்குங்கள். ஒரு துணிக் கிளிப்பை மடலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டினால் பாதியில் நிற்கும். பூனை தலையால் முட்டித் தள்ளிப் போகும். அதற்கும் பழகிய பிறகுதான் முழுக்க இறக்க வேண்டும். முழுக்க இறக்கியதும் திரும்பப் பயந்தால் காரணம் காந்தம்தான். சட்டத்தின் பக்கம் உள்ள காந்தத்தின் மேல் இரண்டு மூன்று அடுக்கு செல்லோ டேப் ஒட்டுங்கள். இடைவெளி கூடுவதால் பிடிப்பு குறையும், சத்தமும் அடங்கும். பழகிய பிறகு ஒவ்வொரு அடுக்காக உரித்துக்கொள்ளலாம்.

இரண்டு கையாலும் பூனையைப் பிடித்து ஓட்டைக்குள் தள்ளிவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. ஒரே ஒரு தடவை அப்படிச் செய்தாலும் போதும், அந்த இடத்தையே அது பல வாரம் வெறுக்கும்.

இதெல்லாம் செய்தும் வரவில்லையா? வெளிப்பக்கத்தைப் பாருங்கள். கதவைத் தாண்டியதும் சிமென்ட் போட்ட திறந்த வெளியா? எதிரே நாய் கட்டிய வீடா? பூனை மறைவிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வரும். வாசலுக்கு இரு பக்கமும் ஒரு முழம் தள்ளி இரண்டு செடித் தொட்டிகளை வைத்துப் பாருங்கள். வழியை அடைக்காமல் ஓரமாக வையுங்கள். பல வீடுகளில் இது ஒன்றே வேலையை முடித்திருக்கிறது.

வீட்டில் இரண்டு பூனை இருந்தால், ஒன்று கதவருகில் காவல் உட்கார்ந்து மற்றதை விடாமல் தடுக்கிறதா என்றும் கவனியுங்கள். அப்படியானால் இன்னொரு வழி திறப்பதைத் தவிர வேறு நல்ல தீர்வு இல்லை.

அறிகுறி: வெளியே போகிறது, திரும்பி வரத் தெரியவில்லை

முதலில் பூட்டுக் குமிழைப் பாருங்கள். சாதாரணப் பூனைக் கதவுகளில் நான்கு நிலை இருக்கும்: இரு வழியும் திறப்பு, உள்ளே வர மட்டும், வெளியே போக மட்டும், முழுப் பூட்டு. குழந்தைகள் திருகியிருப்பார்கள், அல்லது பெருக்கும்போது துடைப்பம் பட்டுத் திரும்பியிருக்கும். சரியான நிலைக்கு நேரே மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். அப்புறம் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

குமிழ் சரியாக இருந்தால் தரைமட்டத்தை அளந்து பாருங்கள். நம் வீடுகளில் உள்தரையைவிடக் கொல்லைத் தரை ஒரு படியாவது தாழ்வாக இருக்கும். உள்ளே 13 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்த திறப்பு வெளியிலிருந்து பார்த்தால் 30 சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும். உள்ளிருந்து பூனை சும்மா நடந்து வெளியே குதித்துவிடும். வெளியிலிருந்து வரும்போதோ அண்ணாந்து எழும்பி, அதே சமயம் தலையால் மடலையும் முட்ட வேண்டும். பின்னங்கால் ஊன்ற இடமில்லாமல் அதைச் செய்ய முடியாது. எழும்பிப் பார்க்கும், முடியாமல் உட்கார்ந்து கத்தும்.

வெளியே ஒரு கடப்பைக்கல் துண்டோ, இரண்டு சிமென்ட் கட்டையோ போட்டு, திறப்பிலிருந்து அதன் மேல்மட்டம் 13 சென்டிமீட்டர் கீழே வருகிற மாதிரி வையுங்கள். படி குறைந்தது 30 சென்டிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். பூனையின் நான்கு காலும் அதில் நிற்க வேண்டும். ஆட்டம் கண்ட கல் வேண்டவே வேண்டாம். ஒரு தடவை கல் சாய்ந்தால் பூனை மறுபடி அதில் ஏறாது. கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருந்தால் படி இடிக்கும். அப்போது கதவிலேயே ஒரு மரப் பலகையை எல்-கிளாம்ப் போட்டுப் பொருத்தி, பலகையின் மேல் பழைய மிதியடித் துண்டை ஒட்டிவிடுங்கள்.

அறிகுறி: மடல் பாதியில் நிற்கிறது, உரசுகிறது, முழுக்க மூடுவதில்லை

அடிக்கடி வரும் கோளாறு இதுதான். மடலை விரலால் முழுக்கத் தள்ளிவிட்டுக் கையை எடுங்கள். நன்றாக இருக்கும் மடல் இரண்டு மூன்று முறை ஆடி நடுவில் வந்து ஒட்டும். அப்படி வரவில்லை என்றால் கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள். வரிசை முக்கியம், ஏனென்றால் சுலபமானது முதலில் இருக்கிறது.

கீலிலும் அடிவிளிம்பிலும் முடி, மண், எறும்புப் புற்று எதுவும் இருக்கிறதா? பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். காந்தத்தில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கும். செல்லோ டேப்பை அழுத்தி உரித்தால் தூள் அதோடு வந்துவிடும். கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விட வேண்டாம். தூசியைப் பிடித்துக்கொண்டு பசையாகிவிடும், எறும்பும் வரும்.

அடுத்து திருகாணிகள். உள்சட்டமும் வெளிச்சட்டமும் நான்கு நீள ஆணிகளால் கதவை நடுவில் வைத்து இறுக்கப்படுகின்றன. 'நல்லா டைட்டா இருக்கட்டும்' என்று ஆசாரி மின்திருப்பியால் முறுக்கிவிட்டிருப்பார். பிளாஸ்டிக் சட்டம் வளைந்து நடுவில் குறுகிவிடும், மடல் உரசும். நான்கையும் கால் சுற்று தளர்த்திவிட்டு மடலை ஆட்டிப் பாருங்கள். உரசல் உடனே நின்றால் வேறெதுவும் செய்ய வேண்டாம். இனி யாரிடமாவது இந்த வேலையைக் கொடுக்கும்போது, "அண்ணே, கடைசி முறுக்கு கையாலயே போட்டுடுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தளர்த்தியும் சரியாகவில்லையா? இது பிவிசி கதவா, உள்ளே வெற்றுள்ள மலிவு ஃப்ளஷ் கதவா என்று பாருங்கள். இரண்டு மெல்லிய தோலுக்கு நடுவில் வெற்றிடம். ஆணியை இறுக்க இறுக்க இரண்டு தோலும் உள்ளே அமுங்கும், சட்டம் கோணும். இதற்குக் கழற்றித்தான் ஆக வேண்டும். வெட்டிய ஓட்டையின் நான்கு ஓரமும் உள்ளே, வெற்றிடத்தின் தடிமனுக்குச் சரியாகச் சீவிய ரீப்பர் கட்டைகளைச் செருகி ஒட்டி, பிறகு சட்டத்தை மாட்டுங்கள். கட்டை தாங்கிக்கொள்வதால் எவ்வளவு இறுக்கினாலும் அமுங்காது. உள்ளே தண்ணீர் இறங்குவதும் நின்றுவிடும்.

ரசமட்டம் வைத்துச் சட்டத்தையும் சரிபாருங்கள். மேல்விளிம்பு ஒரு பக்கம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சாய்ந்திருந்தாலும் மடல் சாய்ந்த பக்கம் இழுக்கும். ஓட்டை கொஞ்சம் பெரிதாக வெட்டியிருந்தால் சட்டத்தை நகர்த்திச் சரி செய்யலாம். சரியாக வெட்டியிருந்தால் ஒரு ஓரத்தை அரம் போட்டுத் தேய்க்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் உரசுகிறது என்றால் மரம் ஈரம் குடித்து ஊதியிருக்கிறது. வெட்டிய விளிம்புக்கு பிரைமர் அடிக்காமல் விட்டதன் விளைவு. மழைக்காலத்தில் அடித்தால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டுவிடும். தை மாசிக்குக் காத்திருந்து, மரம் காய்ந்தபின் கழற்றி, விளிம்பு முழுவதும் பிரைமரும் இரண்டு கை பெயின்டும் அடியுங்கள்.

மேற்குப் பார்த்த கதவில் சித்திரை வெயில் நேரே படும். மெல்லிய மடல் அதில் நெளிந்துவிடும். நெளிந்ததை நிமிர்த்த முயலாதீர்கள். மடலை மட்டும் தனியாக விற்கும் நிறுவனங்கள் உண்டு. வாங்கும்போதே இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அறிகுறி: காற்றில் படபடவென்று அடிக்கிறது

பொள்ளாச்சி, தென்காசி, கம்பம் பக்கம் ஆடிக் காற்றில் மேற்குக் கதவில் உள்ள எந்தக் காந்தமும் தாக்குப்பிடிக்காது. கடற்கரை ஊர்களில் பிற்பகல் கடற்காற்றுக்கு இதே கதிதான். சட்டத்தின் உள்விளிம்பில் தூரிகைப் பட்டை (பிரஷ் போல மயிர் வைத்த பட்டை) ஒட்டினால் சத்தம் பாதி குறையும். கூடுதல் காந்தம் வைப்பதைவிட, காற்று வரும் பக்கம் ஒரு அடி தள்ளி முழங்கால் உயரத்துக்கு ஒரு மறைப்புப் பலகை நிறுத்துவதே மேல். காந்தத்தைக் கூட்டினால் வயதான பூனையால் தள்ள முடியாமல் போய்விடும்.

அறிகுறி: வேறு பூனை, பெருச்சாளி, மரநாய் உள்ளே வருகிறது

ஏன் வருகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பெரும்பாலும் சாப்பாடு. தட்டு பூனைக் கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தால் வாசனை வெளியே போய் அழைப்பு விடுக்கிறது. தட்டை வீட்டின் மறுகோடிக்கு மாற்றுங்கள், மிச்சத்தை எடுத்து மூடுங்கள். இன்னொரு காரணம், உங்கள் பெண் பூனைக்குக் கருத்தடை செய்யவில்லை என்பது. அப்படியிருந்தால் எந்தக் கதவும் கடுவன்களை நிறுத்தாது.

கடுவன் வந்து சிறுநீர் பீய்ச்சிவிட்டுப் போன இடத்தைப் பினாயில் ஊற்றிக் கழுவாதீர்கள். பினாயில் வகைத் திரவங்கள் பலவற்றில் உள்ள பீனால் பூனைக்கு நஞ்சு. அதை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. காலில் பட்டதை நக்கினாலே ஆபத்து. என்சைம் உள்ள சலவைத்தூளை வெந்நீரில் கரைத்துக் கழுவி, நன்றாக அலசி, காய்ந்ததும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடையுங்கள். வாடை முழுக்கப் போகாவிட்டால் அதே இடத்துக்கு அது திரும்ப வரும், உங்கள் பூனையும் போட்டிக்குப் பீய்ச்ச ஆரம்பிக்கும்.

பூட்டு வகையில் மூன்று படி உண்டு. நான்கு நிலைக் குமிழ்: மாலை ஆறு மணிக்கு 'உள்ளே வர மட்டும்' என்று திருப்பிவிட்டு, உங்கள் பூனை வந்ததும் முழுப் பூட்டுப் போடுவது. செலவில்லாதது, தினமும் ஞாபகம் வைத்துக்கொள்ளக்கூடிய வீட்டுக்கு இதுவே போதும். வண்டி, நாய், சண்டை எல்லாமே இருட்டிய பிறகு அதிகம் என்பதால் பூனைக்கும் இதுதான் பாதுகாப்பு. ஆனால் சில பூனைகள் மடலின் விளிம்பில் நகத்தைக் கொக்கியாக மாட்டி உள்பக்கம் இழுத்து, 'உள்ளே வர மட்டும்' பூட்டை ஏமாற்றிவிட்டு வெளியேறும். அப்படிப்பட்ட பூனைக்கு உள்ளிருந்து செருகும் முழுத் தடுப்புப் பலகை வேண்டும்.

இரண்டாவது, கழுத்துப் பட்டையில் காந்தம் தொங்கவிட்டுத் திறக்கும் வகை. இதை நான் சிபாரிசு செய்வதில்லை. எல்லாக் காந்தமும் ஒன்றுதான். தெருவில் இன்னொரு பூனைக்கும் அதே பட்டை இருந்தால் அதுவும் உள்ளே வரும். தவிர, காந்தத்தில் ஊசி, குண்டூசி, ஆணி என்று எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். தையல் இயந்திரம் உள்ள வீடுகளில் அது விபரீதம்.

மூன்றாவது, சிப் படிக்கும் கதவு. வேற்றுப் பூனைத் தொல்லைக்கு நிஜமான தீர்வு இதுதான்.

அறிகுறி: சிப் கதவு பூனையை அடையாளம் காணவில்லை

தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே தோலுக்கடியில் மருத்துவர் செலுத்தும் அரிசி அளவு சிப்பில் மின்கலம் கிடையாது. கதவின் குழலைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையை அனுப்ப, அந்தச் சக்தியிலேயே சிப் விழித்துத் தன் 15 இலக்க எண்ணைச் சொல்லும். சில சென்டிமீட்டர் தூரத்துக்கு மேல் இது வேலை செய்யாது. இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல் வளர்ப்புப் பூனைகளுக்கு 20 வார வயதுக்குள் சிப் போடுவது கட்டாயம் என்பதால் அங்கே கதவை வாங்கி மாட்டினால் போதும். இங்கே வாங்கும்முன் உங்கள் பூனைக்குச் சிப் இருக்கிறதா என்பதை மருத்துவரின் ரீடரில் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். சிப் போடாதவர்களுக்காகப் பல கதவுகளோடு கழுத்தில் மாட்டும் சிறு டேக் வரும். அதற்கு, எங்காவது மாட்டிக்கொண்டால் தானே விடுபடும் பட்டையைத்தான் போட வேண்டும்.

புதுக் கதவு எந்தப் பூனைக்கும் திறக்கவில்லை என்றால், பூனையின் எண்ணைக் கதவின் நினைவில் ஏற்றவே இல்லை என்று அர்த்தம். பொத்தானை அழுத்தியதும் விளக்கு மினுக்கும். அந்த நேரத்தில் முதலில் குழலுக்குள் தலை நீட்டும் பூனையின் எண் பதிவாகும். வேற்றுப் பூனை முந்திக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில நேரம் திறக்கிறது, சில நேரம் இல்லை என்றால் முதல் சந்தேகம் மின்கலம். ரீசார்ஜ் செய்யும் செல்கள் ஒவ்வொன்றும் 1.2 வோல்ட், அல்கலைன் 1.5. நான்கு செல் போடும் கதவில் இது 4.8க்கும் 6க்கும் உள்ள வித்தியாசம். பல கருவிகளுக்கு 4.8 போதாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் செல் கசிந்து முனைகளில் வெள்ளைப் பொடி படியும். எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் துடைத்து, உலரவிட்டு, புது செல் போடுங்கள்.

இரும்புக் கதவா? அதுதான் காரணம். சுற்றிலும் உள்ள உலோகம் கம்பிச்சுருளின் புலத்தை விழுங்கிவிடும். ஓட்டையைக் கணிசமாகப் பெரிதாக வெட்டி, அங்கே பிளைவுட் பலகை வைத்து, பலகையின் நடுவில் கதவைப் பொருத்த வேண்டும். சுருளுக்கும் இரும்புக்கும் இடையில் எவ்வளவு தூரம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. மரக் கதவுதான், ஆனால் அடியில் இரும்புத் தகடு அறைந்திருக்கிறது என்றாலும் இதே விஷயம்.

மரக் கதவு, புது செல், ஆனாலும் ஒரு பூனைக்கு மட்டும் திறக்கவில்லை. அப்படியானால் அதன் சிப் தோளிலிருந்து விலாப் பக்கம் நகர்ந்திருக்கலாம். பூனை மூக்கால் மடலை முட்டி நிற்கும் நிலையில் சிப் சுருளுக்கு வெளியே இருக்கும். மருத்துவரிடம் சிப் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து, படியை உயர்த்தியோ இறக்கியோ பாருங்கள். பூனை குனிந்து நுழைய நேர்ந்தால் தோள் சுருளுக்குப் பக்கத்தில் வரும்.

உள்ளிருந்து எந்தப் பூனையும் வெளியேறுகிறது, இது கோளாறா என்று கேட்பார்கள். இல்லை. பல மாதிரிகள் உள்ளே வரும்போது மட்டும்தான் சிப்பைப் படிக்கும். குறிப்பிட்ட பூனையை வெளியே விடாமல் வைக்க வேண்டுமென்றால் இரு வழியும் படிக்கும் மாதிரியைக் கேட்டு வாங்குங்கள்.

அறிகுறி: மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது

சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரை வடகிழக்கு மழை கிழக்கு, வடக்குச் சுவர்களில்தான் சாய்ந்து அடிக்கும். அந்தப் பக்கம் சன்ஷேடு இல்லாத கதவில் பூனைக் கதவு வைத்தால் நனையத்தான் செய்யும். மேலே ஒரு சிறு தகடு சாய்வாக அடித்து, வெளிச்சட்டத்தின் மேல்விளிம்பிலும் பக்கங்களிலும் சிலிக்கான் பூசுங்கள். அடிவிளிம்பை மட்டும் பூசாமல் விடுங்கள். உள்ளே போன தண்ணீர் இறங்க வழி வேண்டும்.

அறிகுறி: கொசு, எறும்பு, பாம்புப் பயம்

மடலுக்கும் சட்டத்துக்கும் இடையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சந்து இருந்தே தீரும். தூரிகைப் பட்டை கொசுவை ஓரளவு குறைக்கும், முழுக்க நிறுத்தாது. எறும்புக்காக வாசலில் எறும்புச் சாக்பீஸ் கோடு போடுவது, அந்துருண்டை வைப்பது இரண்டும் கூடாது. சாக்பீஸில் இருக்கும் பைரித்ராய்டு பூச்சிமருந்தும் அந்துருண்டையில் இருக்கும் நாப்தலினும் பூனையின் பாதத்தில் பட்டு நாக்குக்குப் போய்விடும். சோப்புத் தண்ணீரால் எறும்பின் தடத்தைத் துடைத்தாலே போதும்.

தோட்டமும் வயலும் உள்ள இடத்தில் பாம்பை அலட்சியம் செய்ய முடியாது. கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடுவது, வீட்டுக்குள்ளும் வரும். தூரிகைப் பட்டை அதற்குத் தடையே இல்லை. இருட்டுவதற்கு முன் பூனையை உள்ளே அழைத்துக்கொண்டு தடுப்புப் பலகையைச் செருகிவிடுங்கள். வெளிப்படிக்கு அடியில் பொந்து விழாமல் சிமென்ட் பூசி, சுற்றிலும் விறகு, செங்கல், தேங்காய் மட்டை எதையும் குவிக்காதீர்கள். எலி தங்கும் இடத்துக்குப் பாம்பு வரும். இந்தப் பகுதிகளில் தரைமட்டக் கதவைவிடச் சன்னல் திறப்பே நல்லது என்பது என் கருத்து.

அறிகுறி: ஓணான், அணில், எலியோடு உள்ளே வருகிறது

இது கதவின் கோளாறு இல்லை. அதிகாலையும் அந்தியும் வேட்டை நேரம். அந்த நேரங்களில் உள்ளே வைத்து, வயிறார இறைச்சி உணவு கொடுத்து, சிறிது நேரம் கயிறு இழுத்து விளையாட்டுக் காட்டினால் குறையும்.

அறிகுறி: ஓட்டையே தப்பான இடத்தில் விழுந்துவிட்டது

கதவை மாற்ற வேண்டியதில்லை. உயரம் தவறு என்றால் படி போட்டுச் சரிக்கட்டலாம். ஓட்டை தேவைக்கு மேல் பெரிதாகிவிட்டால், கதவின் அகலம் முழுவதுக்கும் 6 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்றை உள்பக்கமும் ஒன்றை வெளிப்பக்கமும் வைத்து, நடுவில் கதவின் தடிமனுக்குக் கட்டை நிரப்பி, அந்தப் பலகையில் புது ஓட்டை வெட்டுங்கள். இந்த முறை அட்டையில் அளவு வெட்டிக் கதவில் ஒட்டிவைத்து, பூனையை எதிரே நிற்கவைத்துப் பார்த்த பிறகு வெட்டுங்கள். நான்கு மூலையிலும் 12 மில்லிமீட்டர் துளை போட்டு, கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஜிக்சாவை மெதுவாக ஓட்டினால் விளிம்பு சிம்பு சிம்பாகப் பெயராது. கூடுதல் தடிமனுக்கு, கதவோடு வந்த ஆணி நீளம் போதாது. வன்பொருள் கடைக்குப் போகும்போது பழைய ஆணியை மாதிரிக்கு எடுத்துப் போய், அதே மரையில் அதைவிட 15 மில்லிமீட்டர் கூடுதல் நீளமானதை, துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள். குழலும் எட்டவில்லை என்றால் நீட்டிப்புக் குழல் தனியாகக் கிடைக்கும்.